வரிசையில் இல்லாத ஒருத்தி

1

கோயில் திருநாள் மலருக்கு இந்த முறை என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கனடாவிலிருந்து ஒருவர், பாரிஸிலிருந்து ஒருவர், நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதுகிறார்களாம். பனியையும் பாதாள ரயிலையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இருக்கும் வெளிநாட்டில் பனி இல்லை. ரயில் வேண்டுமென்றால் சின்னசேலம் போக வேண்டும். இங்கே பேசுவதும் தமிழ், கும்பிடுகிற மாதாவும் நம் மாதாதான். ஒன்பது வயதில் படகில் வந்தவள் நான். இன்று கல்லூரி வயதில் எனக்கொரு மகள் இருக்கிறாள். இன்னும் இது எனக்கு வெளிநாடுதான்.

எழுதுவதற்கு முன் சில நிபந்தனைகள். எங்கள் அகதி முகாமின் பெயரை எழுத மாட்டேன். இதில் வருகிற எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரையும்தான். நம் ஊரின் பெயரை மலரின் அட்டையில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள், என் கட்டுரைக்குள் வேண்டாம். சிரிக்காதீர்கள். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. ஜீப் சத்தம் கேட்டால் பயம், அது பால் ஏற்றும் ஜீப்பாக இருந்தாலும். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். என் பெயரை யாராவது முழுதாகக் கூப்பிட்டாலும் பயம். இந்தப் பயங்களுக்கெல்லாம் தாய்ப்பயம் ஒன்று உண்டு. அதன் பெயர் செக்கிங்.

உங்களுக்குப் புரியச் சொல்கிறேன். மாதத்தில் இரண்டு நாள் தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வருவார்கள். முகாமின் நடுவில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்காருவார்கள். நாங்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்க வேண்டும். குடும்பத் தலைவர் முன்னால், மனைவி அவருக்குப் பின்னால், பிள்ளைகள் வயதுப்படி அதற்கும் பின்னால். பெயர் வாசிக்கும்போது ஆள் கண்ணில் பட வேண்டும். காய்ச்சலில் கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கி வந்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு வெட்டுப்பட்டவருக்கு முகாமில் இடமில்லை, வெளியிலும் இடமில்லை. என் வீட்டுக்காரர் அந்தோனி கேரளாவில் கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். செக்கிங்குக்காகவே பஸ் ஏறி வந்து, வரிசையில் முகத்தைக் காட்டிவிட்டு, மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பப் போவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அந்த மத்தியானங்கள்தான்.

வந்த புதிதில் என் அப்பா எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே. முகாமில் எல்லா வீட்டிலும் இதுதான் பாடம். போன மாதம்வரை நான் அதைத் தவறாமல் கடைப்பிடித்தேன்.

2

என் அண்ணன் இலங்கையில் நம் ஊரிலேயே இருந்துவிட்டவன். வருடத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். போன வருடம் கிறிஸ்துமஸ் இல்லாத நாளில் போன் வந்தது.

"ஜெசி, நிரோஜாவ அனுப்புறன். ஒண்டும் கேக்காத, போனில சொல்லேலாது" என்றான்.

நிரோஜா அவனுடைய ஒரே மகள். அவள் பிளேனில் திருச்சிக்கு வந்து இறங்கினாள், ஒரு மாத விசாவோடும் தோளில் ஒரு பையோடும். வந்தபின்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ராணுவம் பிடித்து வைத்திருந்த காணியைத் திருப்பிக் கேட்டு அவள் புருஷன் மனுக்கள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். சாதாரண உடையில் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகொரு நாள் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் கடைக்குப் பக்கத்தில் நின்றது. அவள் போலீஸில் முறையிட்ட மறுநாள் அதே மோட்டார் சைக்கிள் அவள் வாசலில் வந்து நின்றது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது அவளுக்கே தெரியாது.

விசா முடிந்தது. திரும்பிப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை எங்கே கொண்டுபோய்ப் பதிவது என்றும் தெரியவில்லை. எங்கள் பதிவெல்லாம் போர்க்காலத்தில் வந்தவர்களுக்கானது. இப்போது வருகிறவர்களை யார் கேட்பது, எந்த ஆபீஸில் கேட்பது என்று முகாமில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. சண்டைதான் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் வந்தாள் என்று கேட்பார்கள் என்றார் ஒருவர். பிடித்து பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். அவளை வைத்திருந்தால் உன் பதிவும் போகும் என்று மூன்றாவது ஆள் சொன்னார். அவர் சொன்னதுதான் என் காதில் நின்றது.

எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையல் மூலை. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். செக்கிங் வரும் நாளில் அவளை எங்கே ஒளிப்பது? அப்போதுதான் தனம் அக்கா கை கொடுத்தார். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் கரும்பு போட்டிருக்கிற குடும்பம். நான் அவருக்குப் பல வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். அளவெடுக்க வந்தவர், மூலையில் உட்கார்ந்திருந்த நிரோஜாவைப் பார்த்து யாரென்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அண்ணன் மகள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், டேப்பை என் கையிலிருந்து வாங்கி மடக்கி வைத்தார்.

"நம்ம காட்டுக்கொட்டாய்ல வந்து இருக்கட்டும் ஜெசி. சுத்தியும் கரும்பு, ஆள் ஒசரத்துக்கு நிக்குது. வெட்ற வரிக்கும் ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்."

இங்கே காடு என்றால் வயல். கொட்டாய் என்பது அதற்குள் இருக்கும் கூரை வீடு. பக்கத்தில் மோட்டார் ரூம், ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு ஆடு. வாசலில் நின்றால் கரும்புத் தோகைக்கு மேலே கல்வராயன் மலையின் தலை மட்டும் தெரியும். நிரோஜா அங்கே போனாள். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஜாக்கெட் கொடுக்கப் போகிறவளைப் போல் பையோடு போய் வந்தேன். தனம் அக்கா அந்த வருடம் போட்டுக்கொண்டதாக ஊர் நினைக்கும் ஜாக்கெட்டுகளுக்கு அளவே இல்லை.

3

என் மகள் பெனிட்டாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முகாமில் பிறந்தவள். நர்சிங் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். "எங்க ஊரு" என்று அவள் சொன்னால் அது கள்ளக்குறிச்சி. நம் ஊரை "அம்மா ஊரு" என்பாள். ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் "இன்னாம்மா, மந்திரம் சொல்றியா" என்று சிரிப்பாள். மாமன் மகளை மச்சாள் என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். "அதெல்லாம் எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு அக்கா என்று கூப்பிட்டாள். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுப் பாஷை பேசி, இந்த நாட்டு சினிமாவுக்கு அழுகிறவள். இந்த நாட்டின் குடிமகள் மட்டும் இல்லை. எந்த நாட்டுக்கும் இல்லை. பாஸ்போர்ட் கேட்கிற இடத்தில் எல்லாம் அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

அவள்தான் நிரோஜாவுக்கு வாத்தியார் ஆனாள். வெளியில் பேச நேர்ந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கொட்டாயில் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். "என்ன" வேண்டாம், "இன்னா" சொல்லு. "வீடு" வேண்டாம், "வூடு" சொல்லு. கிழமை என்று வாரத்தைச் சொல்லாதே. என்னை மாமி என்று கூப்பிடாதே, அத்தை என்று கூப்பிடு. நிரோஜா கெட்டிக்காரி, இரண்டு நாளில் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டாள். ராகம்தான் வரவில்லை. "இன்னா அத்த, சாப்ட்டியா" என்று நம் ஊர் இழுப்போடு அவள் சொன்னதும் தனம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நிரோஜாவும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, பிள்ளை பிறக்கேக்க நான் கத்துவன்தானே? அப்ப எந்தப் பாஷையில கத்துறது?"

பெனிட்டா ஆட்டுக்குத் தழை போடப் போகிற மாதிரி வெளியே எழுந்து போய்விட்டாள்.

4

ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது. தலை வலிக்கிறது என்றாள். தனம் அக்கா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு ஒரு எண் பதிவார்கள். அது இருந்தால்தான் நாளைக்குப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ். அதற்கு ஆதார் கேட்பார்கள். தனியாருக்குப் போனாலும் அதே எண், அதே கேள்வி. என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்துக் கடைசியில் நான் கண்டுபிடித்த பொய்யை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மலைக்காரி என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். கல்வராயன் மலையில் இருந்து வருகிறவர்களின் பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், சிலரிடம் கார்டுகள் எல்லாம் சரியாக இருக்காது, கீழே உள்ளவர்கள் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இத்தனை வருடம் மலையடிவாரத்தில் இருந்தும் நான் மலைக்கு ஏறியதே இல்லை. முகாமை விட்டு அவ்வளவு தூரம் போக அனுமதி கேட்கப் பயம். தெரியாத மலையை மட்டும் தைரியமாகச் சொந்தம் கொண்டாடப் புறப்பட்டுவிட்டேன்.

நர்ஸம்மா ஐம்பது வயதிருக்கும், வேலையில் வேகமானவர். பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பிரஷர் ஜாஸ்தியா இருக்குதே. எந்த ஊரும்மா?"

"மலை" என்றேன். "வெள்ளிமலைப் பக்கம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தவராம். வெள்ளிமலையில் எந்த ஊர், யார் வீட்டுப் பெண், இந்த வருடம் கடுக்காய் விளைச்சல் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. பழகிய இடத்தைப் பற்றி ஆசையாகக் கேட்டார். எனக்கோ அங்கே ஒரு ஊரின் பெயர்கூடத் தெரியாது. நிரோஜா உதவி செய்கிறேன் என்று "மழை கம்மிங்க" என்றாள், அந்த இழுப்போடு. நர்ஸம்மா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், மாத்திரை எழுதித் தருகிறேன், வாரம் ஒரு முறை கட்டாயம் வர வேண்டும், தலைவலி கூடினாலோ கண் மங்கினாலோ ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்றார். கார்டை எடுக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் நிரோஜாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

மாத்திரைகூட வாங்கவில்லை. வாரம் ஒரு முறை என்றார், நாங்கள் ஒரு முறைகூடப் போகவில்லை. தனம் அக்கா திட்டினார். அந்த நர்ஸம்மா போலீஸுக்குச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பினேன். உப்பில்லாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கால்களைத் தலையணையில் தூக்கி வைத்தேன், செபமாலை சொன்னேன். எல்லாம் செய்தேன், செய்ய வேண்டியதைத் தவிர.

5

சர்க்கரை மில்லிலிருந்து தனம் அக்காவுக்குக் கட்டிங் ஆர்டர் வந்தது. வெட்டு ஆட்கள் இறங்கினார்கள். ரோட்டுப் பக்கமிருந்து கரும்பு சரியத் தொடங்கியது. தினம் தினம் வெளிச்சம் கொட்டாயை நெருங்கிக்கொண்டே வந்தது. நிரோஜா கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்க உள்ளேயே கிடந்தாள். வெட்டு ஆட்கள் தண்ணீர் கேட்டு வந்தால் தனம் அக்கா வாசலில் மறித்துக் குடத்தை நீட்டுவார். "பூச்சி மருந்து வச்சிருக்குது, உள்ள போவாதீங்க" என்பார்.

செக்கிங் நாள் காலையில் அந்தோனி வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் எட்டுப் பத்துக் குடும்பங்கள் இருந்தன. புது அலுவலர் வந்திருந்தார். வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. சார் என்று அழைப்போம். இளம் வயது, சிரிக்காத முகம். அப்போது என் போன் அடித்தது. தனம் அக்கா.

"ஜெசி, பொண்ணு கண்ணு தெரியலங்குது. வாந்தி எடுத்துக்கினு கெடக்குது. கையி காலெல்லாம் வெடவெடன்னு இழுக்குது. நான் இன்னா பண்றது? வெட்டு ஆளுங்க வேற வாசல்ல நிக்கிறாங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றேன். வரிசையை விட்டுப் போனால் என் பெயருக்கு நேரே கோடு. ஏன் போனாள் என்று கேட்பார்கள். பெனிட்டாவின் நர்சிங் மனுவோடு முகாம் சான்றிதழ் வைக்க வேண்டும், அதில் இவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போகாமல் நின்றால் என் அண்ணன் மகள் சாவாள். எனக்கு அந்த நேரம் வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இன்னும் எட்டுக் குடும்பம்தானே, முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தோனியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதும் அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அவரும் என்னைப் போலத்தான்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெனிட்டா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி 108 ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். கச்சிராயபாளையம் ரோடு, கரும்பு வெட்டுகிற காடு, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கொட்டாய் என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னால், உரத்த குரலில் வழி சொன்னாள். யாருக்கு என்ன என்று கேட்டார்கள் போல. "மாசமா இருக்கற பொண்ணு, ஃபிட்ஸ் வந்திருக்குது. எங்க மாமா பொண்ணுங்க, இலங்கையில இருந்து வந்தவங்க" என்றாள். ஆர்.ஐ. சார் தலையைத் தூக்கினார்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் வரிசையை விட்டு மேசைக்குப் போனேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காணி, கடை, சைக்கிள், விசா, கொட்டாய், மலைக்காரி என்று சொன்ன பொய். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்.

"கேக்கலன்னு நான் இருக்க முடியாதும்மா. கேட்டுட்டேன். மேல எழுதித்தான் ஆவணும். ஒங்களையும் விசாரிப்பாங்க."

"சரிங்க சார்."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒங்க குடும்பத்துக்கு இன்னிக்குப் பாத்தாச்சுன்னு போட்டுக்கறேன்."

எங்கள் மூன்று பேருக்கும் நேராக டிக் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். பயந்தவளின் புத்தி அப்படி.

6

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அதே நர்ஸம்மா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நிரோஜா நினைவில்லாமல் கிடந்தாள், வாயோரம் நுரை. ஸ்டிரெச்சரோடு ஓடிக்கொண்டே அவர் கேட்டார், நான் ஓடிக்கொண்டே பதில் சொன்னேன். மலைக்காரி இல்லை, அகதி என்றேன். கார்டு இல்லை, விசா முடிந்துவிட்டது என்றேன். விலாசம் கேட்டார். எங்கள் முகாம் வீட்டு எண்ணைச் சொன்னேன். சொன்ன பிறகுதான், அவள் எங்கள் வீட்டில் இருப்பதாக எழுத்தில் பதியவிட்டேன் என்று உறைத்தது.

"அன்னிக்கே தெரியும், நீங்க மலை இல்லன்னு. எதுக்கு ஓடனீங்க? நான் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். மாத்திரையாவது வாங்கிக்கினு ஓடக் கூடாதா?" என்றார். குரலில் கோபம்தான் அதிகம். எனக்கு அந்தக் கோபம் ஆறுதலாக இருந்தது.

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நிரோஜாவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் கண் தெளிந்தது. இரண்டு உயிரும் தப்பியது கடவுள் செயல் என்று கோயிலில் சொன்னார்கள். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த இரண்டு உயிரையும் சாவின் ஓரத்துக்குத் தள்ளியது என் பயம். என் பயத்தை நானே தைத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கேட்பதற்கு ஒரு இடம் இல்லாமல் போனால் மனிதர்கள் ஒளிவார்கள். ஒளிந்தவர்களுக்கு மருந்து கிடைக்காது.

மலர் படிக்கிற நீங்கள் பெரிய ஆட்களைத் தெரிந்தவர்கள். வெளிநாடுகளில் கூட்டங்களில் பேசுகிறீர்கள், மனு எழுதுகிறீர்கள். என்னிடமிருந்து இதை எடுத்துக்கொண்டு போங்கள். நான் கேட்பது தானம் இல்லை. உயிருக்குப் பயந்து வந்த ஒருத்தி போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். ஏன் வந்தாய் என்று அங்கே ஒருவர் உட்கார்ந்து, அவசரப்படாமல், முழுதாகக் கேட்க வேண்டும். கேட்டு முடிக்கும்வரை அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த வருடம் வந்தாள், படகில் வந்தாளா பிளேனில் வந்தாளா என்பதை வைத்து அவள் பயம் உண்மையா பொய்யா என்று முடிவு கட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிபடுவோம் என்று எந்தக் கர்ப்பிணியும் நினைக்கும்படி இருக்கக் கூடாது. இங்கேயே பிறந்த என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு நாடு வேண்டும். இவ்வளவுதான். இதைச் சட்டமாக எப்படி எழுதுவது என்று படித்தவர்களுக்குத் தெரியும். எந்த நாட்டில் எழுதினாலும் சரி, அங்கே ஒரு நிரோஜா இருப்பாள்.

தனம் அக்காவையும் விசாரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். கரும்பு முழுக்க வெட்டி முடிந்து காடு மொட்டையாகக் கிடந்தது. கொட்டாய் ரோட்டிலிருந்தே தெரிந்தது. "கேட்டாங்க, சொன்னேன். புள்ளத்தாச்சிய வூட்ல வச்சிருந்தேன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன பால் கொடுக்கிறீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

7

இதை எழுதும் இன்று என்ன நிலைமை என்று சொல்லிவிடுகிறேன், நல்ல முடிவு ஏதாவது இருக்கும் என்று நீங்கள் தேடக் கூடாது. நிரோஜாவின் விஷயம் மேலே போயிருக்கிறது. சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். சாதாரண உடை என்பதால் நிரோஜா அவர்கள் போன பிறகும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை வேறு முகாமுக்கு மாற்றலாம், அடைத்து வைக்கலாம், திருப்பி அனுப்பலாம், இங்கேயே விடலாம். ஒரு பெண் வக்கீல் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். திருப்பி அனுப்பக் கூடாது என்று மனுப் போடலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். என்னிடமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பெனிட்டாவின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நிரோஜாவையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பிறப்புச் சான்றிதழுக்கு நர்ஸம்மா அலைந்துகொண்டிருக்கிறார். பிள்ளை அழுதால் மூன்று வீட்டுக்குக் கேட்கிறது. முதல் இரண்டு நாள் அது அழும்போதெல்லாம் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். எல்லோருக்கும் தெரிந்த பிறகும் கை தானாகக் கதவுக்குப் போகிறது.

நாளைக்குச் செக்கிங். அந்தோனி வந்துவிட்டார். நிரோஜா நாளைக்கு வெளியே வந்து நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளை உள்ளே வை, கண்ணில் படாமல் இருந்தால் மறந்தாலும் மறப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானும் இன்று காலை வரை அப்படித்தான் நினைத்தேன். எழுதுகிற எழுத்து கோணிக்கொண்டு போகிறது, அச்சுக் கோக்கிறவர் மன்னிக்க வேண்டும்.

சற்று முன் பெனிட்டா நாளைக்குப் போட வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்காவ எங்கம்மா நிக்க வைக்கிறது? எனக்குப் பின்னாலயா?"

"இல்ல. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில" என்றேன். "பிள்ளையையும் தூக்கி வச்சுக்கொண்டு நிக்கட்டும்."

"லிஸ்ட்டுல அவங்க பேரே இல்லியே. யாரு கூப்புடுவாங்க?"

நிரோஜா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் கூப்பிட வேணாம்" என்றேன். "தன்ர பேரை அவளே சொல்லுவாள்."